ஒரு பந்திச் சாப்பாட்டுக்கு மூணு நாள் பட்டினியா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் பரவாயில்லை.

அன்னதானக் கூடத்தில் பரிமாறுகிற எங்கள் கண்ணுக்கு ஒவ்வொரு உபயத்திலும் படுகிற விஷயம் இது. உடம்பைக் குறைக்கணும்னு உண்மையாவே பாடுபடுறவங்க நம்ம கோயிலுக்கு நிறைய பேர் வர்றாங்க. காலையில நடக்கிறாங்க, தே தாரிக்கை விட்டுட்டு தே ஓ கோசோங் குடிக்கிறாங்க, ராத்திரி சோற்றைக் குறைச்சிட்டாங்க. அப்புறம் ஒரு திருவிழா வருது. பசியோட பந்தியில உட்கார்றாங்க. சோறு, சாம்பார், வடை, அப்பளம், பாயசம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமா இறங்கிடுது.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதுக்கப்புறம் சுற்றி இருக்கிறவங்க செய்யுற கூத்து இருக்கே, அதைத்தான் கேட்க வந்தோம்.

முதல் கூட்டம் கிண்டல் கூட்டம். "டயட்னு சொன்னீங்க, மூணாவது வடை போகுது?"ன்னு பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல். உங்களுக்கு அது ஒரு நிமிஷச் சிரிப்பு. அந்த அக்காவுக்கு? அடுத்த உபயத்துக்கு அர்ச்சனையை முடிச்சிட்டு, பந்திப் பக்கமே திரும்பாம செருப்பை மாட்டிக்கிட்டுப் போறாங்க. அன்னதானக் கூடத்தில் இருந்து ஒரு பக்தரை வாயாலேயே விரட்டிய புண்ணியம் உங்களுக்கு.

ரெண்டாவது, வற்புறுத்துற கூட்டம். "பிரசாதத்தை வேண்டாம்னு சொன்னா சாமி குத்தம்." யார் சொன்னது? ஒரு சிட்டிகை திருநீறு பிரசாதம். ஒரு கரண்டி பாயசமும் பிரசாதம்தான், ஒரு கப் பாயசமும் பிரசாதம்தான். முருகன் அருளைக் கரண்டிக் கணக்குல அளந்து கொடுக்கிறாரா? இலைமேல் கையை வைத்து "போதும்"னு சொல்றது நம்ம பாட்டன் காலத்துப் பந்தி மரியாதை. அதை மதிக்காம மேலே ஒரு கரண்டி கவிழ்க்கிறதுக்கு அன்புன்னு பேர் வைக்காதீங்க.

மூணாவது கூட்டம்தான் ரொம்ப ஆபத்து. "நேத்து சாப்பிட்டதுக்கு இன்னிக்கு முழுப் பட்டினி கிட, கணக்கு சரியாப் போயிடும்"னு வாட்ஸ்அப்பில் வைத்தியம் பார்க்கிறவங்க. சிலர் அதுக்கு 'விரதம்'னு பேரும் வைக்கிறாங்க. விரதம்னா நாள் பார்த்து, சங்கல்பம் செய்து, மனசை இறைவன்கிட்ட வைக்கிறது. தின்ன வடைக்குத் தண்டனையா வயிற்றைக் காயப்போடுறது விரதம் இல்லைங்க. அதுல சாமி எங்கே இருக்கார்? எடை மிஷின்தான் இருக்கு.

அந்த மிஷினைப் பற்றியும் பேசிடுவோம். மறுநாள் காலையில ஏறி நின்னா ஒன்று, ஒன்றரை கிலோ கூடக் காட்டும். உடனே "எல்லாம் போச்சு"ன்னு அழுகை. அதுல பெரும்பகுதி கொழுப்பே கிடையாது. உப்பும் சோறும் உடம்புல தண்ணீரைப் பிடிச்சு வச்சிருக்கும். சாப்பிட்டதே இன்னும் குடல்ல இருக்கும். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலா சாப்பிடணும். ஒரு விருந்துல 1,000 கலோரி அதிகமாப் போயிருந்தாலும், சேர்றது 130 கிராம் அளவுதான். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினா அந்தத் தண்ணீர் சில நாள்ல தானா இறங்கிடும்.

அப்போ மெலிய நினைச்சவங்களைக் கவுக்கிறது எது? அந்த ஒரு வேளை இல்லை. "எப்படியும் கெட்டுப்போச்சு, திங்கட்கிழமையில இருந்து பார்த்துக்கலாம்"னு அதுக்கப்புறம் வாய் கட்டில்லாம ஓடுற நாலு நாள். இல்லைன்னா, பகல் முழுக்கப் பட்டினி கிடந்து ராத்திரி பத்து மணிக்கு மாமாக் கடையில ரெண்டு ரொட்டி சானாய், ஒரு மீ கோரெங். வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேல வேளை சாப்பிடுறோம். மாசம் ஒரு விருந்துன்னா அதுல பன்னிரண்டு. மீதி வேளையைப் பார்க்காம அந்தப் பன்னிரண்டுக்கு ஏன் இவ்வளவு ஒப்பாரி?

"எப்போதாவது"ன்னா எப்போதாவதுதான், அதையும் சொல்லிடுறோம். வெள்ளி ஒரு கோயில், புரட்டாசி சனிக்கிழமை ரெண்டு பெருமாள் கோயில், ஞாயிறு கல்யாணம்னு போனா அது விருந்து இல்லை, வாராந்திரப் பழக்கம். அங்கே அளவைக் குறைச்சே ஆகணும்.

இது வெறும் அழகு விவகாரம்னு நினைக்காதீங்க. 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தா 31.4 விழுக்காடு. பத்துப் பேர் உட்கார்ந்த இலை வரிசையில மூணு பேர். அவங்கள்ல இன்சுலினோ சில வகை மாத்திரையோ எடுக்கிறவங்க உங்க பேச்சைக் கேட்டுப் பட்டினி கிடந்தா, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயங்கி விழலாம். அப்போ வாட்ஸ்அப் வைத்தியர் வந்து தாங்குவாரா?

அதிகமா சாப்பிட்டவங்களுக்கு எங்க வேண்டுகோள்: அடுத்த வேளையை வழக்கம்போல சாப்பிடுங்க. தண்ணீர் குடிங்க. சாயந்திரம் கொஞ்சம் நடங்க. டாக்டர் கொடுத்த மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க, கூட்டாதீங்க. ஒரு வாரம் கழிச்சு எடை பாருங்க. அடுத்த பந்திக்கு வரும்போது காலைப் பசியாறலை விட்டுட்டு வராதீங்க. காய்ந்த வயிறு அளவு பார்க்காது. சுகாதார அமைச்சு சொல்ற 'சுக்கு சுக்கு செபாரோ' முறை வாழையிலைக்கும் பொருந்தும்: பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு. காய் ரெண்டாவது தடவை கேளுங்க, சந்தோஷமாப் போடுவோம்.

உபயகாரர்களுக்கு: இன்னொரு காய் சேர்த்துக்குங்க, பாயசத்துல சீனியைக் குறைங்க. சீராப் தண்ணி இருக்கிற மேசையில வெறும் தண்ணீரும் இருக்கட்டும். செலவு ஒண்ணும் கூடிடாது.

எங்க பக்கம் விதி ஒண்ணுதான். கேட்டுத்தான் போடுவோம். "பாதி"ன்னா பாதி, "வேண்டாம்"னா வேண்டாம். மறுகேள்வி இல்லை.

இலை போட்டு உட்கார்ந்தவங்களை நிம்மதியா சாப்பிட விடுங்க. யார் இலையில என்ன இருக்குன்னு எண்ண ஆசை இருந்தா, வாங்க, காய் நறுக்க ஆள் பத்தல. காலை அஞ்சு மணிக்கு மடப்பள்ளியில நிற்கிறோம்.

வேலும் மயிலும் துணை.
அன்னதானத் தொண்டர்கள்