வாக்கு யாருடைய சொத்து?

2020 பீகார் சட்டமன்றத் தேர்தலில் அகில இந்திய மஜ்லிஸ்-இ-இத்திஹாதுல் முஸ்லிமீன் கட்சி சீமாஞ்சல் பகுதியில் 5 தொகுதிகளை வென்றது. அத்தேர்தல் காலத்தில் இந்தி ஊடக விவாதங்களில் அக்கட்சிக்கு வழங்கிய பெயர் 'வோட் கட்வா'. வாக்கைக் கத்தரிப்பவர் என்பது பொருள். தமிழில் இதையே 'வாக்குகளைப் பிரிக்கும் கட்சி' என்கிறோம்.

இச்சொற்களின் இலக்கணம் கவனிக்கத்தக்கது. பிரிக்கப்படும் பொருள் முன்னர் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். கத்தரிக்கப்படுவது வேறொருவர் கையில் இருந்திருக்க வேண்டும். வாக்காளர் சாவடிக்குள் நுழையுமுன்பே அவர் வாக்கு ஏதோ ஒரு பெரிய கட்சியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது என்னும் முற்கோள் அவ்வினைச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. மொழியியல் பயின்றோர் அறிவர்: வாக்கியத்தை எதிர்மறையாக்கினாலும் முற்கோள் எஞ்சி நிற்கும். 'நாங்கள் வாக்குகளைப் பிரிக்கவில்லை' என்று ஒரு சிறு கட்சித் தலைவர் எவ்வளவு உரக்க மறுத்தாலும், அவ்வாக்குகள் பிறருடையவை என்பதை ஒப்புக்கொண்டே மறுக்கிறார். நெறியாளரின் கேள்வியிலேயே தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

தொகுதிக்கு ஒருவரே வெல்லும் முறையில் வாக்குச் சிதறல் உண்மையான கணக்குத்தான். அதை ஊடகம் சொல்லாமல் இருக்க முடியாது. அக்கணக்கையே ஒரு கட்சியின் முழு அடையாளமாக்குவதில்தான் பழுது இருக்கிறது. சீமாஞ்சலுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 371ஆம் பிரிவின்கீழ் தனி வளர்ச்சிக் குழுமம் வேண்டும் என மஜ்லிஸ் கோரியது. வெள்ளமும் வறுமையும் வாட்டும் அப்பகுதிக்கு அது உகந்ததா, வெற்று முழக்கமா? விவாதித்திருக்கலாம். யாருடைய வெற்றியை அக்கட்சி கெடுத்தது என்ற வினாவோ அதைப் பின்னுக்குத் தள்ளியது.

சிறு கட்சிகள் யாவும் புனிதமானவை என்று எவரும் வாதிடப் போவதில்லை. ஆறாண்டுகளாக ஒரு தேர்தலிலும் நில்லாத 334 கட்சிகளைத் தேர்தல் ஆணையம் 2025 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து நீக்கியது. நம் ஊரில் 'லெட்டர்பேடு கட்சி' என்று சொல்வது இவற்றைத்தான். ஆயினும் களத்தில் உழைக்கும் கட்சியையும் காகிதக் கட்சியையும் பிரித்தறியும் வேலையை ஊடகம் செய்வதில்லை. இரண்டும் முடிவுநாள் திரையில் 'மற்றவை' என்னும் ஒரே கட்டத்தில் கரைகின்றன. தூர்தர்ஷனிலும் வானொலியிலும் 1998 முதல் வழங்கப்படும் இலவசப் பரப்புரை நேரமும் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கே உரியது. கன்ஷி ராம் இந்நிலையை முன்பே உணர்ந்தவர். தமக்கெனச் சொந்த இதழ்களை நடத்தினார். 1984இல் அவர் தொடங்கிய பகுஜன் சமாஜ் கட்சி 2007இல் உத்தரப் பிரதேசத்தில் 206 இடங்களுடன் தனிப்பெரும்பான்மை பெற்றபோது, கணிப்புகளிற் பெரும்பாலானவை தொங்கு சட்டமன்றத்தையே எதிர்பார்த்திருந்தன.

'விளிம்பு' என்ற சொல்லின் கதை இன்னும் விந்தையானது. 2022இல் ஆளுங்கட்சியின் தேசியச் செய்தித்தொடர்பாளர் ஒருவர் தொலைக்காட்சி விவாதத்தில் பேசிய பேச்சு வளைகுடா நாடுகளில் கண்டனத்தைக் கிளப்பியது. உடனே கத்தாரிலிருந்த இந்தியத் தூதரகம், அவை 'விளிம்புநிலைச் சக்திகளின்' கருத்துகள் என்று அறிக்கை விட்டது. அதிகாரபூர்வ செய்தித்தொடர்பாளர் ஒரே நாளில் விளிம்புக்குப் போய்விட்டார். சில ஆயிரம் வாக்குகளுக்காகத் தெருத்தெருவாக அலையும் கட்சிக்காரருக்கோ அந்த விவாத மேசையில் இன்றளவும் நாற்காலி இல்லை.