மேய்ச்சல் நிலத்தில் தானாக வளரும் காடு: கார்பன் கிரெடிட்டுக்குக் கையெழுத்திடும் முன்

பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடல் பக்கத்து மேட்டு நிலங்களில், ஆடு கடிக்காமல் விட்ட இடத்தில் களா, காரை, சூரை, உசிலை எல்லாம் தானாகவே துளிர்க்கும். "இதை வெட்டாமல் காத்தால் கார்பன் கிரெடிட் பணம் வரும்" என்று யாராவது ஒப்பந்தத்தோடு வந்தால், முதலில் கணக்குப் பாருங்கள்.

ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு. ஏற்கெனவே நிற்கும் மரத்துக்குப் பணம் இல்லை. நீங்கள் காத்ததால் கூடுதலாக வளர்ந்ததற்கு மட்டும்தான். ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு டன், டன்னுக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 5 ஏக்கருக்கு 4,000 ரூபாய். அளவீட்டுச் செலவு, தணிக்கைக் கட்டணம், நிறுவனத்தின் பங்கு எல்லாம் இதில்தான் கழியும். ஒரு கிடாய் விலைகூடத் தேறாது.

ஆஸ்திரேலியாவில் இதே வேலைக்குக் கிரெடிட் கொடுத்தார்கள். அங்கே ஒரே பண்ணை பல ஆயிரம் ஏக்கர் இருக்கும், அதனால் கட்டுப்படியானது. அங்கும், மரம் வளர்ந்தது மேய்ச்சலைக் குறைத்ததாலா, நல்ல மழையாலா என்று பெரிய சர்ச்சை எழுந்தது. 2023 செப்டம்பரோடு அந்த முறையில் புதிய பதிவை நிறுத்திவிட்டார்கள். சேர்ந்தவர்கள் 25 அல்லது 100 ஆண்டு காட்டைக் காக்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கு அரை ஏக்கர் விற்க நேரும் நமக்கு இது சின்ன விஷயமா?

நிலம் யாருடையது என்பதையும் பாருங்கள். பட்டா நிலத்துக்குத்தான் நீங்கள் கையெழுத்திட முடியும். மேய்க்கால் புறம்போக்கு ஊர்ச் சொத்து. அதை வேலி போட்டு அடைத்தால் முதலில் பாதிக்கப்படுவது நிலமில்லாத ஆடு வளர்ப்பவர்கள். ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் 2011-லேயே எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது.

மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த பசுமைக் கடன் திட்டம் வேறு, கார்பன் கிரெடிட் வேறு. அதில் மரம் வளர்ப்பது பெரும்பாலும் வனத்துறை நிலத்தில். இரண்டையும் ஒன்றாகப் பேசுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பணம் வராவிட்டாலும் துளிர்ப்பைக் காப்பது லாபம்தான். நிலத்தை மூன்றாகப் பிரித்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு பங்கைக் கிளுவை வேலியால் அடையுங்கள். கன்றுகள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வந்ததும் அதைத் திறந்து அடுத்த பங்கை அடைக்கலாம். கோடையில் தழை கிடைக்கும். சீமைக்கருவேலத்தை மட்டும் வேரோடு எடுங்கள். அதன் நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணம், புழுக்கையிலிருந்து விதை முளைக்கும் என்பதால், நெற்று உதிரும் காலத்தில் அவற்றை அடைத்த பங்குக்குள் விடாதீர்கள்.