மெத்தனால் கிட் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

"கார்ல காசு போடாதீங்க, எஸ்.ஐ.பி. போடுங்க"ன்னு சொல்லப் போறேன்னு நினைச்சு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. சம்பாதிக்கிற காசுல ஆசைக்குன்னு ஒரு பங்கு இருக்கணும்ங்கிறதுதான் என் கட்சி. டர்போ பெட்ரோல் கார் வாங்கி, ரீமேப் பண்ணி, வாரக் கடைசியில் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ரவுண்டு போறது உங்க சந்தோஷம்னா தாராளமா பண்ணுங்க. அடுத்த படியா "மெத்தனால் இன்ஜெக்‌ஷன் போடலாமா"ன்னு வர்றவங்களுக்கு மட்டும் என் பதில் வேற. உங்ககிட்ட இருக்கிறது ஒரே கார், அதுலதான் தினமும் ஆபீஸ் போறீங்கன்னா, போடாதீங்க. ஏன்னு சொல்றேன்.

முதல்ல அது என்ன வேலை செய்யுதுன்னு சுருக்கமா பார்ப்போம். டர்போ காத்தை அமுக்கும்போது காத்து சூடாகும். சூடான காத்தும் பெட்ரோலும் சிலிண்டருக்குள்ள நேரம் தப்பி வெடிச்சா அதுதான் நாக்கிங். பிஸ்டனை உடைக்கிறதும் அதுதான். இன்டேக்ல தண்ணியும் மெத்தனாலும் கலந்து பனி மாதிரி தெளிச்சா, அது ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கும். மெத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அதுவே எரிபொருளும்கூட. அதனால ட்யூனர் பூஸ்ட்டையும் இக்னிஷன் டைமிங்கையும் கொஞ்சம் ஏத்த முடியும். இரண்டாம் உலகப் போர் விமானங்கள்லேயே இருந்த தொழில்நுட்பம். 2016-ல் பி.எம்.டபிள்யூ எம்4 ஜி.டி.எஸ். காரில் வெறும் தண்ணியை வச்சே கம்பெனி இதைப் பண்ணிச்சு. வேலை செய்யுமாங்கிறதுல எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் செலவுக் கணக்குல. கிட், பொருத்துற கூலி, அதுக்கேத்த மறு ட்யூனிங் எல்லாம் சேர்த்து ஒரு உதாரணத்துக்கு ரூ.1,50,000-ன்னு வச்சுக்கோங்க. பெர்சனல் லோன் 14 சதவீதத்தில் 3 வருஷத்துக்கு எடுத்தா மாதம் சுமார் ரூ.5,127 இ.எம்.ஐ. மொத்தம் கட்டறது ரூ.1,84,500 சொச்சம். "இந்த வட்டியை டேக்ஸ்ல கழிக்கலாமா சார்"னு ஒருத்தர் கேட்டார். முடியாது. புது ரெஜீம்ல சம்பளத்துக்கு ரூ.75,000 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் இருக்கு; அதுக்குள்ள உங்க பம்பும் நாசிலும் அடங்கினதா நினைச்சு மனசைத் தேத்திக்கலாம், அவ்வளவுதான்.

ஆனா இ.எம்.ஐ. தெரிஞ்ச செலவு. எங்க தொழில்ல கன்டிஞ்சன்ட் லயபிலிட்டின்னு ஒண்ணு சொல்வோம். இன்னைக்கு பாலன்ஸ் ஷீட்ல வராது, ஏதாவது நடந்தா மொத்தமா தலையில விழும். மெத்தனால் கிட் அந்த ஜாதி. அந்தக் கலவை வருங்கிற நம்பிக்கையில பூஸ்ட்டை ஏத்தி ட்யூன் பண்ணியிருக்கீங்க. ஒரு நாள் ஃபுல் த்ராட்டில்ல அது வரலைன்னா? சில நொடி போதும், பிஸ்டன் ரிங் லேண்ட் போயிடும். அந்த இன்ஜின் பில்லை யார் கட்டுவாங்க?

வாரன்டி கட்டாது, ரீமேப் பண்ணினப்பவே அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியாச்சு. இன்சூரன்ஸ்? உங்க பாலிசியை எடுத்து விலக்குகள் பக்கத்தைப் படிங்க. மெக்கானிக்கல் பிரேக்டவுன் ஓன் டேமேஜ்ல வராது. மாற்றத்தைச் சொல்லி கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தாலும் நாக்கிங்கில் உடைஞ்ச பிஸ்டனுக்குக் காசு வராது. இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் பொதுவா வெள்ளத் தண்ணி உள்ள போறதுக்கும் ஆயில் கசிவுக்கும்; நீங்களே பம்ப் வச்சு அடிச்ச தண்ணிக்கு இல்லை. சொல்லாமலே மாற்றம் பண்ணியிருந்தா, சாதாரண விபத்து க்ளெயிமுக்கும் சிக்கல் வரும். இதுக்கு மேல மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52: ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த ஸ்பெசிஃபிகேஷனுக்கும் மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும்.

அமெரிக்க வீடியோக்கள்ல யாரும் பேசாத விஷயம் ஒண்ணு இருக்கு. அங்க குளிருக்குன்னு மெத்தனால் கலந்த நீல வாஷர் ஃப்ளூயிட் பெட்ரோல் பங்க்லயே கிடைக்கும், வாங்கி ஊத்திட்டுப் போவாங்க. நம்ம ஊர் வாஷர் திரவம் பெரும்பாலும் சோப்புத் தண்ணி, அதை ஊத்தி வைக்காதீங்க. மெத்தனாலை இங்க கேன்ல வாங்கி கார் பார்க்கிங்ல வைக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் மெத்தில் ஆல்கஹாலை வச்சிருக்கவே 1959-ம் வருஷ விதிகளின் கீழ் உரிமம் வேணும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவங்க செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். 2023-ல் மரக்காணத்திலும் அதே விஷம். இதுக்கப்புறம் உரிமம் இல்லாம 20 லிட்டர் கேன் ஒண்ணு உங்க ஃப்ளாட்ல இருந்தா, "சார், கார் ட்யூனிங்குக்கு"ன்னு போலீஸ்கிட்ட விளக்கிட்டு இருக்கணும். கொஞ்சம் குடிச்சாலே கண் போகும், உயிரும் போகும். பகல் வெளிச்சத்தில் அது எரிஞ்சா தீ சரியா கண்ணுக்கே தெரியாது. குழந்தை இருக்கிற வீடுன்னா இந்தப் பேச்சே வேண்டாம்.

அப்போ என்ன வழி? முதல் காசை பெரிய இன்டர்கூலர்ல போடுங்க. அதுக்கு டேங்க் இல்லை, பம்ப் இல்லை, திடீர்னு நின்னு போகாது. ட்ராக் டேன்னா 100 ஆக்டேன் பெட்ரோல். சாதா பெட்ரோலை விட லிட்டருக்கு ரூ.60 கூடுதல்னு வச்சாலும் 40 லிட்டருக்கு ரூ.2,400, வருஷத்துக்கு நாலு தடவை இருங்காட்டுக்கோட்டை போனா ரூ.9,600. அந்த இ.எம்.ஐ. வருஷத்துக்கு ரூ.61,500. அதுக்கும் மேல ஆசை அடங்கலைன்னா வெறும் டிஸ்டில்டு வாட்டர் இன்ஜெக்‌ஷன். கிலோவுக்கு கிலோ பார்த்தா தண்ணி ஆவியாகும்போது இழுக்கிற சூடு மெத்தனாலைப் போல சுமார் ரெண்டு மடங்கு. எரிபொருளா உதவாது, பவர் கொஞ்சம் கம்மியா வரும், ஆனா உரிமம் கிரிமம் எதுவும் வேண்டாம். நம்ம ஊர்ல டேங்க் உறையுற பயமும் இல்லை.

எப்படியும் கிட் வாங்கறீங்கன்னா ரெண்டே கேள்வி கேளுங்க. ஒண்ணு, ஸ்ப்ரே வராட்டி இந்த ட்யூன் பங்க் பெட்ரோல்ல பத்திரமா ஓடுமா? ஸ்ப்ரேயைக் கூடுதல் பாதுகாப்பா மட்டும் வச்சு ட்யூன் பண்றவர்கிட்ட போங்க, 20 பி.எச்.பி. குறைஞ்சாலும் பரவாயில்லை. ரெண்டு, ஃபெயில்சேஃப் எதைப் பார்க்குது? விலை குறைஞ்ச கிட்ல டேங்க் லெவல் சென்சார் மட்டும் இருக்கும். டேங்க் நிறைஞ்சிருக்கு, நாசில் அடைச்சிருக்குன்னா அதுக்குத் தெரியவே தெரியாது. பைப்ல நிஜமா எவ்வளவு போகுதுன்னு பார்க்கிற ஃப்ளோ சென்சார் இருந்து, குறைஞ்ச உடனே பூஸ்ட்டைக் குறைக்கணும். பட்ஜெட் பத்தலைன்னு எல்லாரும் முதல்ல வெட்டறது இதைத்தான். ஹெல்மெட் காசை மிச்சம் பிடிச்சு பைக்குக்கு அலாய் வீல் போடற மாதிரி. 1962-லேயே ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்னு ஒரு டர்போ கார் தண்ணி-மெத்தனால் டேங்க்கோட வந்துச்சு. டேங்க் காலியானா பூஸ்ட்டைக் குறைக்கிற ஏற்பாடும் இருந்துச்சு. ஓனர்கள் நிரப்ப மறந்து, பவர் இல்லைன்னு புகார் பண்ணி, கடைசியில் கம்பெனியே பல கார்கள்ல டர்போவைக் கழட்டிட்டு சாதா கார்புரேட்டர் போட்டுக் கொடுத்துச்சு. மனுஷன் நிரப்ப மறப்பான்னு வச்சுத்தான் கணக்குப் போடணும்.

ஏற்கெனவே போட்டாச்சு, இப்போ மக்கர் பண்ணுதுன்னா, பாகம் மாத்தறதுக்கு முன்னாடி காசில்லாத சோதனைகளை முடிங்க. என் கோவை க்ளையன்ட் ஒருத்தர் பம்ப், கன்ட்ரோலர், இக்னிஷன் காயில்னு மூணு பில் கட்டினார். கடைசியில் பார்த்தா டேங்க்ல போர் தண்ணி. உப்பு படிஞ்சு நாசில் ஃபில்டர் அடைச்சிருந்துச்சு. வரிசை இதுதான்: டேங்க், ஃபில்டர், ஃப்யூஸ், எர்த் வயர். அப்புறம் நாசிலைக் கழட்டி ஒரு பாட்டிலுக்குள்ள வச்சு, வெறும் தண்ணியில பம்ப்பை ஓட விடுங்க. பனி மாதிரி வரணும், சொட்டு சொட்டா வந்தா அடைப்பு, இல்லைன்னா பைப் ஜாயின்ட்ல பிரஷர் கசியுது. ஓட்டாமலே டேங்க் குறைஞ்சா, ஐடிலிங்கில் இன்ஜின் திணறினா, செக் வால்வோ சோலனாய்டோ பிடிக்கலை. இன்டேக் வேக்கம் தானா உறிஞ்சுது. ஸ்ப்ரே ஆரம்பிக்கிற இடத்தில் மட்டும் வண்டி மூச்சு முட்டினா நாசில் பெருசு, அல்லது குறைஞ்ச பூஸ்ட்லயே ஸ்ப்ரே ஆரம்பிக்குது. அதுக்கு ட்யூனர் செட்டிங் மாத்தினா போதும், புதுசா எதுவும் வாங்க வேண்டாம். லாக்ல இன்டேக் டெம்பரேச்சர் இறங்கலையேன்னு பதறாதீங்க. சென்சார் நாசிலுக்கு முன்னாடி இருந்தா அது எப்பவுமே இறங்காது.

சோதனை முடியற வரைக்கும் பழைய ஸ்டாக் மேப்பைப் போட்டு ஓட்டுங்க. அந்த ஃபைலும் கழட்டின ஒரிஜினல் பாகங்களும் பத்திரமா இருக்கட்டும், விக்கும்போது வாங்கறவர் கேட்கிற முதல் விஷயம் அதுதான். கம்பெனி லீஸ்ல எடுத்த கார்னா இந்தப் பதிவே உங்களுக்கு இல்லை. லீஸ் அக்ரிமென்ட்டை முதல்ல படிங்க. நாசில் சைஸ் எவ்வளவுன்னு மட்டும் என்கிட்ட கேட்காதீங்க, அது ட்யூனர் வேலை.