வேஷமா? பாடமா?

ஐரோப்பாவில், நடந்து முடிந்த யுத்தங்களை அக்காலத்து உடையோடும் துப்பாக்கியோடும் வெட்டவெளியில் நடித்துக் காட்டும் வழக்கம் இருந்து வருகிறது. ஸ்பெயின் தேசத்தில் 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தையும் அப்படியே எப்ரோ ஆற்றங்கரையிலுள்ள ஃபயோன் போன்ற ஊர்களில் நடித்துக் காட்டுகிறார்கள். அதில் சிலர் அந்நிய நாடுகளிலிருந்து வந்து போரிட்ட தொண்டர்களாகவும், சிலர் வைத்தியர்களாகவும் நர்சுகளாகவும் வேஷம் தரிக்கிறார்கள்.

"நம் ஊர்ச் சூரசம்ஹாரத்தைக் கண்டிக்கும் நீங்கள் இதை மட்டும் ஒப்பலாமா?" என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆதலால் பதில் சொல்லுகிறோம்.

சூரசம்ஹாரத்தில் யார் ஜெயிப்பார் என்பது முன்னமே முடிவான சங்கதி. வேலை ஏந்தியவர் தோற்றதாக எந்த ஊரிலாவது நடித்ததுண்டா? "தர்மம் தானே ஜெயிக்கும், நீ கைகூப்பி நில்" என்பதே அது கற்பிக்கும் பாடம். ஸ்பெயினில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. ஜனங்கள் ஓட்டுப்போட்டு ஏற்படுத்திய சர்க்காரை எதிர்த்து 1936 ஜூலையில் ராணுவத் தலைவர்கள் கிளம்பினார்கள். ஹிட்லரும் முசோலினியும் அவர்களுக்கு விமானமும் ஆளும் அனுப்பினார்கள். இங்கிலாந்தும் பிரான்சும் தலையிடுவதில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டன. மேற்றிராணிமார்கள் 1937-ல் கூட்டாக அறிக்கை விட்டுக் கலகக்காரரை ஆதரித்தார்கள். முடிவில் ஜெயித்தவர் பிராங்கோ. அவர் 1975-ல் சாகும் வரை ஆண்டார். தர்மம் தானாக ஜெயிக்கவில்லை, தோழர்களே!

இப்படிப்பட்ட யுத்தத்துக்குத்தான் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து முப்பதினாயிரம் பேருக்கு மேல் தாமாக வந்தார்கள். மோட்சம் கிடைக்குமென்று அவர்களுக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அமெரிக்கத் தொண்டர் படைக்கு ஆலிவர் லா என்னும் கறுப்பர் தளபதியாயிருந்து 1937 ஜூலையில் மாண்டார். அமெரிக்க ராணுவத்திலோ அன்று கறுப்பருக்குத் தனிப் படை. அந்தப் பேதத்தை ஒழிக்க உத்தரவு பிறந்ததே 1948-ல்தான்.

வைத்தியர்களின் காரியம் இன்னும் கவனிக்கத்தக்கது. கனடா தேசத்து டாக்டர் நார்மன் பெத்யூன் 1936 முடிவில் மாட்ரிட் நகரில் ஜனங்களிடம் ரத்தம் பெற்று, புட்டியில் அடைத்து, மோட்டாரில் போர்முனைக்கே கொண்டுபோய் ஏற்றினார். நிறத்தின் காரணமாகத் தாதிப் படிப்புக்குச் சில பள்ளிகளில் இடம் மறுக்கப்பட்ட சலாரியா கீ என்ற கறுப்பு மாது, அங்கே வெள்ளைத் தோழர்களின் காயங்களைக் கட்டினார். ரத்தம் ஏற்றும்போது பார்க்க வேண்டியது அதன் வகையையே தவிர, கொடுத்தவரின் நிறத்தை அல்ல. பிறப்பையும் நிறத்தையும் பார்த்து உயர்வு தாழ்வு பேசுகிறவர்கள், அந்தப் புட்டியில் எங்கே அது எழுதியிருந்தது என்று காட்டுவார்களா?

இது நிற்க, நடிப்பவர்களிடமும் நமக்கு ஒரு ஆக்ஷேபணை உண்டு. வெடிச் சத்தமும் கொடியும் மட்டும் காட்டினால் அதுவும் ஓர் உற்சவமே. சர்க்கார் பக்கத்தாரும் குற்றமற்றவர்களல்ல. அவர்கள் பிரதேசத்தில் பாதிரிகளும் கன்னிமாரும் ஏறக்குறைய ஏழாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். 1937 மே மாதத்தில் பார்சிலோனாவில் அவர்கள் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டார்கள். மதத்தின் ஏமாற்றைக் கண்டிப்பது வேறு, மனிதனைக் கொல்வது வேறு. நமக்குப் பிரியமான கட்சி என்பதற்காக இதை மறைத்தால், நாமும் புராணம் எழுதுகிறவர்களாகி விடுவோம்.

மைதானத்தில் விழுந்த நடிகர் எழுந்து, புழுதியைத் தட்டிக்கொண்டு சாப்பிடப் போகிறார். அன்று விழுந்தவர்கள் எழவில்லை. அவர்களில் பலருடைய எலும்புகளை ஸ்பெயினில் இன்னும் குழிகளில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நேரில் கண்டு சொல்லக்கூடியவர்களும் அநேகமாய் மறைந்துவிட்டார்கள். ஆகையால் நடிப்பவர்கள் துப்பாக்கியைக் காட்டும் நேரத்தைவிட ரத்தப் புட்டியையும் தூக்குக் கட்டிலையும் காட்டும் நேரம் அதிகமாயிருக்கட்டும். நடித்து முடிந்தபின் வேஷத்தோடே ஜனங்கள் முன் நின்று, இவர்கள் ஏன் வந்தார்கள், ஏன் தோற்றார்கள், எங்கே தவறினார்கள் என்று சொல்லட்டும்.

பார்த்தவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினால் அது வேஷம். "நாம் என்ன செய்திருப்போம்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு திரும்பினால் அது பாடம்.