‘குடும்பப் பின்னணி’ என்னும் கேள்வி

“தகுதி ஒன்றே எங்கள் அளவுகோல்” என்பது தனியார் நிறுவனங்களின் வழக்கமான பதில். அந்தத் தகுதியை அவை எவ்வாறு அளக்கின்றன? தில்லி வட்டாரப் பெருநிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25 பேரைச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பேட்டி கண்டு, 2007இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். சாதி பார்ப்பதில்லை என்ற அதே மேலாளர்கள், விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியை அறிவது இன்றியமையாதது என்றனர். தந்தையின் தொழிலும் பெற்றோரின் படிப்பும் தகுதிக் கணக்கில் சேருமெனில், முதல் தலைமுறைப் பட்டதாரி எதைச் சொல்லித் தேறுவார்?

அந்த அறைவரை செல்வதே பலருக்கு வாய்ப்பதில்லை. அதே ஆண்டில் வெளியான சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் ஆய்வில், நாளிதழ் வேலை விளம்பரங்களுக்கு ஒத்த கல்வித் தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டன. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67, இஸ்லாமியப் பெயருக்கு 0.33 மட்டுமே. இங்கே குடும்பத்தை விசாரிக்கவும் தேவைப்படவில்லை, பெயரே போதுமானதாக இருந்தது.

முடிவெடுக்கும் இடத்தில் இருப்போர் யார்? 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடு. அரசமைப்பின் 16ஆம் உறுப்பு அரசுப் பணிகளோடு நின்றுவிடுகிறது. தனியார் துறை இடஒதுக்கீட்டைப் பேசும்போதெல்லாம் ‘தகுதி’யை முன்னிறுத்துவோர், முதலில் தம் பணியாளர்களின் சமூகவாரிக் கணக்கை வெளியிடட்டும்.