'கடல்புரத்தில்' நாவலும் நமது கரையும்

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வெளிவந்தது. 'நெய்தல் நாவல்' என்றும் 'வட்டார நாவல்' என்றும் அதற்குப் பெயரிட்டு வந்திருக்கிறோம். தவறில்லை. களம் மணப்பாடு, மாந்தர் கடலை நம்பி வாழும் கிறித்தவப் பரதவர். ஆனால் இப்பெயர்கள் நாவலின் மையத்தை மறைத்துவிடுகின்றன என்பது எங்கள் எண்ணம்.

இது தனித்துப்போனவர்களின் கதை. விசைப்படகுகள் வந்த பின்னும் வல்லத்தைக் கைவிட மனமில்லாதவர் குரூஸ் மிக்கேல். வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கோ அந்த வல்லம் விற்றுக் காசாக்க வேண்டிய பொருள். மனைவி மரியம்மைக்கு வாத்தியின் நட்பில்தான் ஆறுதல். சாமிதாஸை நேசித்து இழந்த பிலோமி, தாயின் மரணத்துக்குப் பின் அதே வாத்தியின் தோழமையில் அமைதி காண்கிறாள். தாயைப் பற்றி ஊர் பழியாகப் பேசிய உறவை மகள் அன்பாக உணர்ந்துகொள்வதே நாவலின் உச்சம் என்போம்.

இத்தனை தனிமைக்கும் ஊரின் தொலைவு காரணமன்று. வீடுகள் நெருங்கி நிற்கும் ஊர் அது. ஒருவர் துயரம் மற்றவருக்குத் தெரியாமல் போவதற்கு வாய்ப்பே இல்லை. தெரிந்தும் ஏற்காமைதான் அங்கே மனிதரைத் தனியராக்குகிறது. இதைக் காணாமல் 'எங்கோ ஒரு கடலோரத்து வாழ்க்கை' என்று வாசிக்கும்போது, நாவல் நம்மை நோக்கிக் கேட்கும் கேள்வியிலிருந்து எளிதாகத் தப்பிவிடுகிறோம்.

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இலக்கியம் பேசும் நமக்கு இக்கேள்வி இன்னும் நெருக்கமானது. கபாலீசுவரர் கோயிலிலிருந்து நொச்சிக்குப்பத்துக்கு நடந்தே போய்விடலாம். பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டியே இருக்கிறது ஊரூர் குப்பம். 2023 ஏப்ரலில், மெரினா இணைப்புச் சாலையோர மீன்கடைகளை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மீனவர்கள் மறியலில் இறங்கினர். அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது 2024 ஆகஸ்டில். இடைப்பட்ட நாட்களில் நகரத்தின் பேச்சில் பெரிதும் அடிபட்டவை போக்குவரத்து நெரிசலும் நாற்றமும். அச்சாலை வருவதற்கு முன்பிருந்தே அக்கரையில் வாழ்ந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர் என்று அழைக்கப்பட்டார்கள். சொந்தக் கரையில் அந்நியராவது என்பது இதுதான்.

மணப்பாட்டுப் பிலோமிக்காகக் கண்கலங்கும் வாசகர், வாரந்தோறும் மீன் வாங்கும் பெண்ணின் பெயரைக் கேட்டதில்லை என்றால், குறை நாவலுடையதன்று. இலக்கியம் படிப்பவரெல்லாம் களப்பணிக்குப் போகவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு நாவலைத் தொலைதூரத்துக் காட்சியாக ஆக்கிக்கொள்ளும் பழக்கத்தையாவது விடலாம். 'கடல்புரத்தில்' சிறிய நூல். ஓரிரு மாலைகளில் முடித்துவிடலாம். முன்பே படித்தவர்களும் இன்னொரு முறை, இம்முறை நம் கரையை மனத்தில் வைத்து, படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.