தராசில் 11 கிலோ, பில்லில் 24 கிலோ!



மகள் குடும்பத்தோடு ஜெர்மனிக்குக் குடிபோனது உங்களில் பலருக்குத் தெரியும். விட்டுப்போன போர்வை, ஸ்வெட்டர், பேரனின் விளையாட்டுச் சாமான்களைக் கூரியரில் அனுப்பினேன். செலவு ஆனதில் வருத்தமில்லை. மறைத்து வாங்கியதில்தான் கோபம்.

போனில் கிலோவுக்கு இவ்வளவு என்றார்கள். தராசில் 11 கிலோ. பில்லில் 24! கேட்டால், "வால்யூமெட்ரிக் வெயிட், மேடம்."

பெட்டியின் நீளம் 60, அகலம் 50, உயரம் 40 செ.மீ. பெருக்கினால் 1,20,000. அதை 5000-ஆல் வகுத்தால் 24. தராசு எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். விமானத்தில் இடத்துக்கும் விலை உண்டு. கணக்கு தப்பென்று நான் சொல்லவில்லை. பெட்டி கட்டும் முன்பே சொல்ல என்ன தடை? போர்வையை அமுக்கி உயரத்தை 30 ஆக்கினால் 18 கிலோதானே வரும்!

இதைவிடப் பெரிய அநியாயம் சுங்கப் படிவம். நம்மைக் கேட்காமலே "கிஃப்ட்" என்று எழுதிவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பரிசுக்கு 45 யூரோ வரைதான் வரிவிலக்கு. குடிபெயர்பவரின் பழைய சாமான்களுக்கோ தனிச் சலுகையே உண்டு. ஒன்றியத்துக்கு வெளியே 12 மாதமாவது வசித்தவர், 6 மாதமாவது பயன்படுத்திய சொந்தப் பொருள்களை, குடியேறிய 12 மாதத்துக்குள் விண்ணப்பித்துக் கொண்டுவந்தால் சுங்க வரி இல்லை. அந்த ஒரு சொல்லால் என் மகள் கைக்குழந்தையோடு சுங்க அலுவலகத்துக்கு அலைந்தாள். இங்கே கேட்டால், "அதெல்லாம் ரிசீவர் பார்த்துக்கணும்" என்கிறார்கள். எழுதியது அவர்கள், அலைவது நாமா?

கூரியர் கடை வைத்திருக்கும் என் மாணவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கிலோ விலைக்குப் பக்கத்தில் அந்தச் சூத்திரத்தையும் தமிழில் எழுதி மாட்டுங்கள். படிவத்தை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வாடிக்கையாளர் ஓடிவிட மாட்டார். அடுத்த முறையும் உங்களிடமே வருவார்.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர்களே, டேப் வைத்து அளந்து, நீங்களே வகுத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். "பயன்படுத்திய வீட்டுப் பொருள், குடிபெயர்வு" என்று எழுதச் சொல்லுங்கள். பொருள் பட்டியலின் நகலைக் கையில் வாங்காமல் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

கன அளவு எதற்கு டீச்சர் என்று வகுப்பில் கேட்டவர்களே, இதற்குத்தான்!

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்